கனடா ஸ்பொன்சர்: பாஸ்போட் கேட்டதிலிருந்து பி.ஆர். ஆகும் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். ஸ்பொன்சர் விண்ணப்பம் போடும்போது என்னிடம் வந்தவர்கள், மெடிக்கல், பொலிஸ் றிப்போட் எல்லாம் முடிந்து பாஸ்போட் கேட்கும் கட்டத்தில் திரும்பவும் வருவார்கள். அப்போது மொழிபெயர்க்க ஒன்றும் இராது. சந்தேகம்தான் இருக்கும். கிட்டத்தட்ட ஒரே கேள்விகளையே எல்லோரும் கேட்பதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன்.

கனடாவில் இருக்கும் கணவனோ மனைவியோ ஸ்பொன்சர் செய்து, இங்கிருந்து புறப்படுகிறவர்களுக்கானது இது. நான் வழக்கறிஞர் இல்லை. உங்களுக்கு வந்த கடிதத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் கடிதத்தில் உள்ளபடியே செய்யுங்கள்.

அக்கா, பாஸ்போட் அனுப்பச் சொல்லி ஈமெயில் வந்திட்டுது. பி.ஆர். கிடைச்சிட்டுதெண்டு எல்லாருக்கும் சொல்லலாமோ?

சந்தோசப்படலாம், ஆனால் நீங்கள் இன்னும் பி.ஆர்., அதாவது கனடாவின் நிரந்தர வதிவாளர், ஆகவில்லை. பாஸ்போட் கேட்டால் விண்ணப்பம் பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். அடுத்து பாஸ்போட்டில் குடியேற்ற வீசா ஒட்டப்படும். கூடவே நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரம் வரும். இதைத்தான் எல்லோரும் சி.ஓ.பி.ஆர். என்கிறோம். இரண்டையும் கொண்டு கனடாவில் இறங்கி, அங்குள்ள அதிகாரி உங்களை விசாரித்து அந்தப் பத்திரத்தை உறுதிப்படுத்தும் நிமிடத்தில்தான் நீங்கள் நிரந்தர வதிவாளர் ஆகிறீர்கள்.

இதை முதல் கேள்வியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. ஈமெயில் வந்த நாளுக்கும் இறங்கும் நாளுக்கும் இடையில் உங்கள் வாழ்க்கையில் எது மாறினாலும், பிள்ளை பிறந்தாலும் பிரிந்தாலும், கனடாவின் குடிவரவுத் திணைக்களத்துக்குச் சொல்லவேண்டும். கீழே வரும் சிக்கலான கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விசயத்தில்தான் வந்து நிற்கின்றன.

எல்லாக் காசும் கட்டியாச்சு எண்டு இவர் சொன்னவர். இப்ப திரும்பவும் காசு கேக்கினம். ஏமாத்தோ?

அநேகமாக நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணமாக இருக்கும். விண்ணப்பிக்கும்போதே அதையும் சேர்த்துக் கட்டியவர்களிடம் திரும்பக் கேட்கமாட்டார்கள். கட்டாமல் விட்டவர்களிடம் கடைசியில் கேட்பார்கள். 2024 ஏப்ரல் 30 இல் அது 575 கனடா டொலராக உயர்ந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டணங்களை மாற்றுவார்கள், ஆகவே கட்டும் நாளில் உள்ள தொகையைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். உங்களோடு போகும் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டணம் இல்லை.

கட்டவேண்டியது திணைக்களத்தின் இணையத்தளத்தில், கார்ட் மூலம். யாருடையவோ வங்கிக் கணக்கு இலக்கத்தைத் தந்து அதில் போடச் சொன்னால் அது ஏமாற்றுத்தான்.

பாஸ்போட்டை எங்க, எப்பிடிக் குடுக்கிறது? படமும் கேட்டிருக்கினம்.

எங்கே என்பது கடிதத்தில் இருக்கும். இங்கிருந்து போகிறவர்களுக்குப் பெரும்பாலும் கொழும்பிலுள்ள கனடா வீசா விண்ணப்ப நிலையம். கடிதத்தைப் பிரின்ற் எடுத்து பாஸ்போட்டோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும். கடிதம் இல்லாமல் போனால் இரவு பஸ்ஸில் போனது வீணாகும். கொடுக்கமுன் பாஸ்போட்டின் எழுதிய பக்கங்கள் எல்லாவற்றையும் கொப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படம் கேட்டிருந்தால் அளவைக் கவனியுங்கள். பி.ஆர். படம் 50 மில்லிமீற்றர் அகலம், 70 மில்லிமீற்றர் உயரம். ஸ்ரூடியோவில் சும்மா பாஸ்போட் சைஸ் என்று சொன்னால் 35க்கு 45 அளவில்தான் எடுத்துத் தருவார்கள், அது சரிவராது. கடிதத்தில் உள்ள அளவை ஸ்ரூடியோக்காரரிடம் காட்டி எடுப்பியுங்கள்.

பாஸ்போட் முடிய எட்டு மாசம்தான் கிடக்கு. புதுசு எடுத்துப்போட்டுக் குடுக்கிறதோ, இருக்கிறதைக் குடுக்கிறதோ?

வீசாவும் சி.ஓ.பி.ஆரும் உங்கள் பாஸ்போட் முடியும் திகதியைத் தாண்டிப் போகமாட்டா. எட்டு மாதம் போய் இறங்கப் போதும். ஆனால் எயார்லைன்ஸ்காரர் இடைத்தங்கலுக்கு ஆறு மாதம் பெறுமதி கேட்கக்கூடும், அதையும் கணக்கில் எடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் புதுப்பிப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

இப்போது அதற்கு கொழும்புக்கோ வவுனியாவுக்கோ ஓடத் தேவையில்லை. 2025 செப்ரெம்பர் முதலாம் திகதி யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் பாஸ்போட் அலுவலகம் திறக்கப்பட்டுவிட்டது. புதிய பாஸ்போட் எடுத்தால் அதன் இலக்கத்தை உடனே திணைக்களத்தின் இணையப் படிவம் மூலம் அறிவியுங்கள். பழைய பாஸ்போட்டை எறியாமல் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.

சி.ஓ.பி.ஆரில ஒரு முடிவுத் திகதி இருக்கு. தங்கச்சியின்ர கலியாணம் முடிச்சுப் போக நினைக்கிறன், திகதி தாண்டினால் என்ன?

தாண்டவே கூடாது. அந்தத் திகதியை நீட்டித் தரமாட்டார்கள். மெடிக்கல் சோதனையின் பெறுமதி 12 மாதம். அது முடியும் நாள், பாஸ்போட் முடியும் நாள், இரண்டில் எது முந்தியதோ அதையொட்டித்தான் பெரும்பாலும் முடிவுத் திகதி வரும். தவறவிட்டால் முழு விண்ணப்பத்தையும் முதலிலிருந்து போடவேண்டிய நிலை வரலாம். தங்கச்சியின் கலியாணத்துக்கு நிற்க ஒரு வழி உண்டு. திகதிக்குள் போய் இறங்கி, பி.ஆர். கார்ட் கைக்கு வந்தபின் திரும்பி வாருங்கள்.

பத்திரத்தில என்ர பேரில ஒரு எழுத்துப் பிழை. பரவாயில்லையோ?

பரவாயில்லை என்று விடாதீர்கள். நமக்குத் தகப்பன் பெயர் முதலில், சொந்தப் பெயர் பின்னால். கலியாணத்துக்குப் பிறகு சிலர் கணவர் பெயருக்கு மாற்றியிருப்பார்கள், சிலர் மாற்றியிருக்கமாட்டார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், அடையாள அட்டையில் ஒருவிதம், பாஸ்போட்டில் இன்னொருவிதம். பாஸ்போட்டில் உள்ளதுதான் பத்திரத்திலும் வரவேண்டும். விண்ணப்ப நிலையத்தில் பாஸ்போட்டை வாங்கியவுடன், வாசலைத் தாண்டமுன், பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், பால் எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிழை இருந்தால் புறப்படமுன் திணைக்களத்துக்கு எழுதித் திருத்துவிப்பதே சுலபம். விமானநிலையத்தில்தான் கண்டீர்களென்றால் கையெழுத்து வைக்கமுன் அதிகாரியிடம் காட்டுங்கள். எல்லாம் முடிந்தபின் கண்டால் பதிவைத் திருத்தக் கேட்கும் ஒரு படிவம் உண்டு, ஐ.எம்.எம். 5218. ஆனால் அதற்குக் காலம் எடுக்கும். அதற்குள் கார்ட், சுகாதார அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் பிழையான பெயரில் போய்விடும்.

அவர் வந்து கூட்டிக்கொண்டு போகவேணுமோ? தனியப் போனால் சந்தேகப்படுவினமோ?

தனியாகப் போகலாம், ஒருவரும் குறைநினைக்கமாட்டார்கள். ஸ்பொன்சர் செய்தவர் அங்கே வேலையில் இருப்பதுதான் வழமை. ஆனால் அவருடைய முழு முகவரி, தபால் குறியீடு, தொலைபேசி இலக்கம் மூன்றையும் தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் இறங்கும் நேரம் அதுவாகத்தான் இருக்கும். வங்கிக் கணக்கில் இவ்வளவு காசு காட்டவேண்டும் என்ற விதி துணையின் ஸ்பொன்சரில் போகிறவர்களுக்கு இல்லை.

பலாலியில இருந்தே ரிக்கற் போடலாமோ? கட்டுநாயக்கா தூரமெல்லோ.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் உண்டு. ஆனால் அங்கிருந்து ரொறன்ரோவுக்கு வேறாக ரிக்கற் போட்டால், சென்னையில் வெளியே வந்து பொதி எடுத்துத் திரும்பவும் ஏறவேண்டும். அதற்கு இந்திய வீசா தேவை. குடியேறப் போகிற நாளில் அந்தச் சிக்கல் வேண்டாம். கட்டுநாயக்காவிலிருந்து வளைகுடா வழியாக ஒரே ரிக்கற்றில் போவதுதான் நிம்மதி.

அமெரிக்காவில் விமானம் மாறும் ரிக்கற் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அங்கே விமானம் மாறுவதற்கே இலங்கையருக்கு அமெரிக்க வீசா வேண்டும். கனடா வீசா அதற்கு உதவாது.

சீதன நகையெல்லாம் கொண்டுபோகலாமோ? தாலிக்கொடிக்கும் வரி கட்டவேணுமோ?

என்னிடம் ஆகக்கூடக் கேட்கப்படும் கேள்வி இது. குடியேறுபவர் தான் ஏற்கனவே வைத்திருந்து பாவித்த சொந்தப் பொருட்களை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பது கனடாவின் சட்டம். தாலிக்கொடி, காப்பு, சங்கிலி எல்லாம் அதற்குள் அடங்கும். ஆனால் அது ஒரு நிபந்தனையோடு வருகிறது: முதன்முதலாக இறங்கும் நாளிலேயே பட்டியல் கொடுக்கவேண்டும். கையில் கொண்டுவருவது ஒரு பட்டியல், பிறகு வரப்போவது இன்னொரு பட்டியல். தாயிடம் விட்டுவிட்டுப் போகும் நகையை மூன்று வருடத்துக்குப் பிறகு கொண்டுபோக நினைத்தாலும், அது அந்த இரண்டாவது பட்டியலில் முதல்நாளே இருந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் வரி கேட்பார்கள். இதற்கான படிவம் பி.எஸ்.எஃப். 186. கனடா எல்லைச் சேவைகள் முகவரகத்தின் தளத்திலிருந்து எடுத்து வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போகலாம்.

நகையை வாயால் விவரிப்பது கடினம். நகைக்கடைக்காரர் தரும் மதிப்பீட்டுக் கடிதத்தோடு, அவரே திகதியிட்டுக் கையெழுத்து வைத்த படங்களையும் இணைக்கச் சொல்கிறது முகவரகம். கஸ்தூரியார் வீதியில் நகை செய்வித்த கடையிலேயே இதைக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பவுண் கணக்கோடு கிராமும் எழுதுவியுங்கள், ஏனென்றால் அங்குள்ள அதிகாரிக்குப் பவுண் தெரியாது. கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

புதுக் கலியாணக்காரருக்கு இன்னொரு சலுகை உண்டு. கனடாவில் இறங்குவதற்கு முந்திய மூன்று மாதத்துக்குள் கலியாணம் நடந்திருந்தால், பாவிக்காத கலியாணப் பரிசுகளையும் வரியில்லாமல் கொண்டுபோகலாம். ஸ்பொன்சரில் போகிறவர்களுக்கு எழுத்து, அதாவது விவாகப் பதிவு, நடந்து நெடுநாளாகியிருக்கும் என்பதால் இது அநேகமாகப் பொருந்தாது. ஆகவே கட்டிவைத்திருக்கும் புது நகையைப் போடத் தொடங்குங்கள். வரியில்லாமல் கொண்டுபோன பொருளை ஒரு வருடத்துக்குள் விற்றாலோ பிறருக்குக் கொடுத்தாலோ வரி கட்டவேண்டிவரும். காசாக 10,000 கனடா டொலரோ அதற்கு மேலோ கொண்டுபோனால் அதையும் சொல்லவேண்டும். சொன்னால் வரி இல்லை, சொல்லாவிட்டால் பறிமுதல் செய்யலாம்.

அம்மா மிளகாய்த்தூள், பினாட்டு, ஒடியல், கருவாடு எல்லாம் கட்டி வைச்சிருக்கிறா. விடுவினமோ?

உணவுப்பொருள், செடி, விதை எதுவானாலும் இருக்கிறது என்று சொல்லவேண்டும். அனுமதிக்கலாமா என்று அதிகாரி தீர்மானிப்பார். அனுமதிக்காததை எடுத்து வைத்துவிடுவார், சொன்னதற்காகத் தண்டனை இல்லை. மறைத்தால்தான் அபராதம். வறுத்து அரைத்த தூளைப் புதுப் பையில் போட்டு, என்ன பொருள் என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக் கன்று, மண் ஒட்டிய கிழங்கு, இறைச்சி வகைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஸ்கார்பரோவில் கறிவேப்பிலை கிடைக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

அங்க எயார்போட்டில என்ன கேப்பினம்? எனக்கு இங்கிலிஸ் அவ்வளவு வராது.

குடிவரவுப் பகுதிக்கு அனுப்புவார்கள். பாஸ்போட்டையும் பத்திரத்தையும் வாங்கிப் பார்த்து, சுருக்கமான கேள்விகள் கேட்பார்கள். குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருக்கிறீர்களா, முன்பு கனடாவுக்குள் வர மறுக்கப்பட்டிருக்கிறீர்களா, உங்களில் தங்கியிருக்கும் வேறு பிள்ளைகள் உண்டா, வீசா கிடைத்த பிறகு குடும்ப நிலையில் மாற்றம் உண்டா, எங்கே தங்கப்போகிறீர்கள். கடைசியில் கையெழுத்து, தபால் முகவரி. கொழும்பில் நடந்த நேர்முகம் மாதிரி கலியாணப் படங்களைக் காட்டி விளக்கவேண்டிய இடமில்லை இது. ஆனாலும் விவாகச் சான்றிதழின் பிரதியும் மொழிபெயர்ப்பும் கைப்பையில் இருக்கட்டும்.

ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். விளங்காத கேள்விக்குத் தலையாட்டுவதுதான் ஆபத்து. 'குடும்ப நிலையில் மாற்றம் உண்டா' என்பதை நம்மவர்கள் சடங்குக் கேள்வி என்று நினைக்கிறார்கள். குடிவரவு ஒழுங்குவிதிகளின் 51ஆம் விதி அதற்கென்றே இருக்கிறது. வீசா கிடைத்தபின் ஏற்பட்ட மாற்றத்தை இறங்கும்போது சொல்வது உங்கள் கடமை என்கிறது அது.

நான் இப்ப மூண்டு மாசம். பிள்ளை பிறக்கமுன்னம் போகவோ, பிறந்தாப்பிறகு போகவோ?

டொக்டர் பயணம் செய்யலாம் என்று சொல்லி, பத்திரத்தின் திகதியும் இடம்கொடுத்தால், பிறக்கமுன் போய் இறங்குவது கடதாசி வேலைகளைக் குறைக்கும். ஏழாம் எட்டாம் மாதத்தில் எயார்லைன்ஸ்காரர் டொக்டர் கடிதம் கேட்பார்கள், ஏற்ற மறுக்கவும் கூடும்.

இங்கே பிறந்தால், இறங்கமுன் திணைக்களத்துக்குக் கட்டாயம் அறிவிக்கவேண்டும். அடுத்தது தகப்பனின் நிலையைப் பொறுத்தது. பிள்ளை பிறக்கும்போது அவர் கனடாவில் பிறந்தோ அங்கே குடியுரிமை எடுத்தோ கனடாக் குடிமகனாக இருந்தால், யாழ்ப்பாணத்தில் பிறந்தாலும் பிள்ளை பிறப்பிலேயே கனடாக் குடிமகன். அதற்கு வீசா தேவையில்லை, குடியுரிமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவேண்டும். அவர் பி.ஆர். மட்டும் என்றால், பிள்ளையையும் உங்கள் விண்ணப்பத்தில் சேர்த்து, அதற்கும் மெடிக்கல் முடித்து, வீசா எடுத்துத்தான் போகவேண்டும். அதனால் உங்கள் பயணம் பிந்தும். பிந்தினாலும் சேர்க்காமல் போகாதீர்கள், ஏனென்று அடுத்த பதிலில் இருக்கிறது.

முதல் கலியாணத்தில ஒரு பிள்ளை இருக்கு, அம்மாவோட வளருது. அதை போமில போடேல்ல. போய் இறங்கினாப்பிறகு கூப்பிடலாம்தானே?

கூப்பிட முடியாமல் போகக்கூடும். உங்களோடு வராத பிள்ளையானாலும் விண்ணப்பத்தில் காட்டி, அதற்கும் மெடிக்கல் செய்திருக்கவேண்டும். காட்டாமல் நீங்கள் பி.ஆர். ஆகிவிட்டால், அதே ஒழுங்குவிதிகளின் 117ஆம் விதியின்படி அந்தப் பிள்ளை குடும்ப வகுப்பிலிருந்து, அதாவது குடும்பத்தவராக ஸ்பொன்சர் செய்யக்கூடியவர்களின் பிரிவிலிருந்து, விலக்கப்படுகிறது. பின்னாளில் நீங்கள் ஸ்பொன்சர் செய்யத் தகுதி பெற்றாலும் அந்தப் பிள்ளைக்கு வழி அடைபடலாம். மறைத்ததற்காக உங்கள் பி.ஆரே கேள்விக்குள்ளாகவும் இடமுண்டு.

மாமியாருக்குத் தெரியக்கூடாது, ஊருக்குத் தெரியக்கூடாது என்று மறைப்பவர்களின் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் படிவத்தை ஊர் வாசிக்கப்போவதில்லை. அம்மம்மாவோடு இருக்கும் அந்தப் பிள்ளைதான் இதற்கு விலை கொடுக்கும். இறங்கும் நாள்வரை திருத்த வாய்ப்பு இருக்கிறது. இன்றைக்கே எழுதுங்கள். விசயம் சிக்கலானது என்பதால் உரிமம் உள்ள ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டு எழுதுவது நல்லது.

எங்களுக்குள்ள பிரச்சினை. அவர் போன் எடுக்கிறதே இல்லை. வீசா வந்திட்டுதுதானே, போய் இறங்கினாப்பிறகு பாப்பம் எண்டு அம்மா சொல்லுறா.

சண்டை வேறு, பிரிவு வேறு. தூரத்தில் இருக்கும் தம்பதிகளுக்குள் மனஸ்தாபம் வருவது இயல்பு, அதையெல்லாம் யாரும் அறிவிக்கத் தேவையில்லை. ஆனால் உறவு முடிந்துவிட்டது என்று இருவருக்கும் தெரிந்த பிறகு, அந்த வீசாவில் போய் இறங்கி 'மாற்றமில்லை' என்று கையெழுத்து வைத்தால் அது பொய்க்கூற்று. கண்டுபிடித்தால் பி.ஆர். போகும், ஐந்து ஆண்டுத் தடையும் வரும். நீங்கள் பி.ஆர். ஆகும்வரை ஸ்பொன்சரை மீளப் பெறவும் அவருக்கு உரிமை உண்டு. நீங்கள் விமானத்தில் இருக்கும்போது அது நடந்தால், நிற்கப்போவது தெரியாத ஊர் விமானநிலையத்தில்.

பெரியவர்களை வைத்தென்றாலும் அவரிடம் நேராகக் கேட்டு அறியுங்கள். பதில் தெளிவாக இல்லாமல் பயணம் போடவேண்டாம். ரிக்கற் காசு போனால் திரும்பச் சம்பாதிக்கலாம்.

இரண்டு வருசம் சேந்து வாழாட்டி பி.ஆரைப் பறிச்சிடுவினமாமே?

அப்படி ஒரு விதி இருந்தது. 2012 ஒக்ரோபரில் கொண்டுவந்தார்கள், 2017 ஏப்ரலில் நீக்கிவிட்டார்கள். நீக்கியதற்குச் சொன்ன முக்கியமான காரணம், பி.ஆர். போய்விடும் என்ற பயத்தில் பெண்கள் அடி உதையைப் பொறுத்துக்கொண்டு இருந்தார்கள் என்பது. இப்போது நீங்கள் பி.ஆர். ஆகும்போது நிபந்தனை ஒன்றும் இல்லை. உண்மையான கலியாணமாக இருந்து, பிறகு பிரிய நேர்ந்தால் உங்கள் பி.ஆர். உங்களோடேயே இருக்கும். ஊரில் இன்னும் பழைய விதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நம்பாதீர்கள்.

சொன்ன சொல் கேக்காட்டி ஸ்பொன்சரை கான்சல் பண்ணித் திருப்பி அனுப்புவன் எண்டு வெருட்டுறார். செய்யேலுமோ?

நீங்கள் பி.ஆர். ஆகிவிட்டால் முடியாது. உங்களைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் கணவனுக்கோ மனைவிக்கோ இல்லை. அவர் கொடுத்த பொறுப்பு உறுதிமொழி, நீங்கள் பி.ஆர். ஆன நாளிலிருந்து மூன்று ஆண்டுக்கு அவரைக் கட்டுப்படுத்தும். விவாகரத்து ஆனாலும் அது முடியாது. அந்தக் காலத்தில் நீங்கள் அரச நிதியுதவி எடுக்க நேர்ந்தால் அந்தக் காசை அரசு அவரிடம்தான் கேட்கும். வெருட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கை நீட்டினால் 911க்கு அழையுங்கள். தமிழில் பேசவேண்டும் என்று சொல்லலாம். உங்கள் பாஸ்போட், சி.ஓ.பி.ஆர்., கார்ட் மூன்றையும் நீங்களே வைத்திருங்கள், மாமியின் அலுமாரியில் பூட்டக் கொடுக்காதீர்கள். இன்னும் பி.ஆர். ஆகாமல் கனடாவில் இருந்துகொண்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் 2019 ஜூலையிலிருந்து கட்டணமில்லாத தற்காலிக வதிவிட அனுமதி ஒன்று இருக்கிறது. போகமுன் மகளுக்கு இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள் என்று தாய்மாரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

நான் விசிற் வீசாவில ஏற்கனவே ரொறன்ரோ வந்திட்டன். இப்பதான் முடிவு வந்திருக்கு. திரும்ப யாழ்ப்பாணம் வந்து போகவேணுமோ?

தேவையில்லை. நீங்கள் கனடாவுக்குள் இருக்கிறீர்கள் என்பதையும் அங்குள்ள முகவரியையும் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அவர்கள் பி.ஆர். போர்ட்டல் என்ற இணையவழியால் அழைப்பார்கள். முதல் தரம் நீங்கள் கனடாவில் இருப்பதை உறுதிசெய்வீர்கள், அடுத்த தரம் படமும் விபரங்களும் ஏற்றுவீர்கள். பிறகு மின்னணு சி.ஓ.பி.ஆர். வரும். விமானநிலையக் கேள்விகள் எழுத்தில் வரும் என்பதுதான் வித்தியாசம், பதில் சொல்லும் கடமை அதேதான். அந்த நேரம் உடம்பால் கனடாவுக்குள் இருக்கவேண்டும். கொக்குவிலில் இருந்துகொண்டு 'கனடாவில் இருக்கிறேன்' என்று அழுத்துவதும் பொய்க்கூற்றே.

இறங்கின உடன என்னென்ன செய்யவேணும்?

சமூகக் காப்புறுதி இலக்கம் எடுங்கள், அது இல்லாமல் வேலை செய்யமுடியாது. சுகாதார அட்டை மாகாணத்துக்கு மாகாணம் வேறு. ஒன்ராறியோவில் மூன்று மாதக் காத்திருப்பை 2020 இல் எடுத்துவிட்டார்கள். கியூபெக்கிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் காத்திருக்கவேண்டிவரும், அதுவரைக்கும் தனியார் காப்புறுதி எடுத்துவையுங்கள். இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஒன்ராறியோவில் 60 நாள் ஓடலாம். புதிதாக வந்தவர்களுக்கு அரச செலவில் ஆங்கில வகுப்பு உண்டு, வெட்கப்படாமல் போய்ச் சேருங்கள்.

பி.ஆர். கார்ட் வரமுன்னம் அப்பாவுக்குக் கடுமை எண்டு போன் வந்தால்? வந்து பாத்திட்டுத் திரும்பேலுமோ?

வரலாம், திரும்புவதுதான் சிக்கல். உங்கள் பாஸ்போட்டில் உள்ள குடியேற்ற வீசா நீங்கள் இறங்கியதோடு முடிந்துவிட்டது. கார்ட் இல்லாமல் கட்டுநாயக்காவில் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். வெளிநாட்டில் நிற்கும் பி.ஆர். காரருக்கென்று ஒரு பயணப் பத்திரம் இருக்கிறது. இங்கு வந்தபின் அதற்கு விண்ணப்பித்து, கிடைத்ததும் ஒருதரம் திரும்பிப் போகலாம். செத்தவீட்டுக்கு வந்து அந்தியேட்டி முடித்துப் போக நினைப்பவர்கள், வந்த மறுநாளே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். சி.ஓ.பி.ஆரின் மூலப்பிரதியைக் கையோடு கொண்டுவாருங்கள்.

முதல் கார்ட் இலவசம், கனடா முகவரிக்கு மட்டும் தபாலில் வரும். இறங்கும்போது முகவரி கொடுக்காவிட்டால் 180 நாளுக்குள் கொடுக்கவேண்டும். அது தவறினால் புதிதாக விண்ணப்பித்துக் காசும் கட்டவேண்டும்.

நான் ரீச்சர். இறங்கிப்போட்டுத் திரும்பி வந்து கொஞ்சக் காலம் இஞ்ச படிப்பிக்கலாமோ?

கார்ட் வந்தபின் திரும்பி வரலாம். ஐந்து ஆண்டுக்குள் 730 நாள் கனடாவில் இருந்திருக்கவேண்டும் என்பதுதான் பி.ஆரைத் தக்கவைக்கும் விதி. கணவர் கனடாக் குடிமகனாக இருந்து, வெளிநாட்டில் நீங்கள் அவரோடு சேர்ந்து வாழும் நாட்களும் இதில் சேரும். அவர் கனடாவின் மார்க்கம் நகரில், நீங்கள் மானிப்பாயில் என்றால் சேராது. குடியுரிமைக்கு இது வேறு கணக்கு: ஐந்து ஆண்டுக்குள் 1,095 நாள் கனடாவுக்குள் இருக்கவேண்டும்.

பிரிஞ்சால் நான் வேற ஒருத்தரைக் கலியாணம் செய்து கூப்பிடலாமோ?

நீங்களே துணையின் ஸ்பொன்சரில் போனவர் என்றால், பி.ஆர். ஆன நாளிலிருந்து ஐந்து ஆண்டு முடியமுன் இன்னொரு துணையை ஸ்பொன்சர் செய்யமுடியாது. 2012 மார்ச் முதல் இதுதான் சட்டம். இடையில் குடியுரிமை எடுத்தாலும் ஐந்து ஆண்டு ஐந்து ஆண்டுதான்.

பி.ஆர். எடுத்தால் சீதனக் காணி என்ர பேரில இருக்கலாமோ?

இருக்கலாம். பி.ஆர். ஆனாலும் நீங்கள் இலங்கைப் பிரசைதான், பாஸ்போட்டும் இலங்கையினதுதான். ஆனால் கனடாக் குடியுரிமை எடுக்கும் நாளில், இரட்டைக் குடியுரிமைக்கு ஒழுங்கு செய்யாவிட்டால், இலங்கைப் பிரசாவுரிமை இல்லாமல் போகும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணி எழுதுவதற்குத் தடை உண்டு. தாய் தகப்பன் உயிரோடு இருந்து பின்னாளில் நன்கொடையாக எழுத நினைத்தால் அது தடைபடக்கூடும்.

யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண்களுக்கு இன்னொரு விசயம். உங்கள் பெயரில் உள்ள காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இருவரும் கனடாவில் இருந்துகொண்டு இதைச் செய்வது நாட்கணக்கான அலைச்சல். ஆகவே புறப்படமுன் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம், அதாவது உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம், எழுதுவதைப் பற்றி நொத்தாரிசோடு பேசுங்கள். எந்தக் காணி, எந்த அதிகாரம் என்று குறிப்பிட்டு எழுதுவியுங்கள். எல்லா அதிகாரமும் என்று பொதுவில் எழுதிக் கொடுக்கவேண்டாம்.